மூத்த தம்பதியராக வெளிநாட்டு ஊழியம்: விண்ணப்பம் முதல் ஒப்படைப்பு வரை

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில், ஓய்வு பெற்ற கையோடு கணவனும் மனைவியுமாக ஊழியத்துக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் ஃபிஜியில், உள்ளூர் உறுப்பினர்களுக்கும் தலைவர்களுக்கும் துணை நிற்கும் பணியில் இருந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்து இறங்கிய தம்பதியர் பலருக்கு வீடு பார்த்துக் கொடுத்து, ஆரம்ப மாதங்களில் பக்கத்திலேயே இருந்தும் பார்த்திருக்கிறேன். வேலை எல்லோருக்கும் தெரிகிறது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் வரிசையாகவே சொல்கிறேன். உதாரணங்கள் ஃபிஜியுடையவை. வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் வழக்கங்களை மட்டும் அந்த ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. எந்த வேலை என்று முதலில் பேசி முடியுங்கள்

நாட்டின் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் கனவு காண்கிறார்கள். ஆனால் உங்கள் அன்றாடம் எப்படி இருக்கும் என்பதை வேலைதான் தீர்மானிக்கும். ஊழிய அலுவலகம், ஆலயம், மனிதநேய உதவி, குடும்ப வரலாறு, சுயசார்பு வகுப்புகள், உறுப்பினர்–தலைவர் துணைப்பணி என்று பல வகை உண்டு. அலுவலகம் என்றால் நாற்காலி, கணினி, வாடகை ரசீது, கார் பழுது. ஆலயம் என்றால் நாள் முழுக்க நிற்பது. உறுப்பினர் துணைப்பணி என்றால் கரடுமுரடான சாலை, பல மணிநேரப் பயணம், அடுத்தவர் வீட்டில் தரையில் உட்காருவது. முட்டி வலி உள்ளவர் இதை மனதில் வைத்துப் பேச வேண்டும்.

இருவரும் தனித்தனியாகத் தாளில் எழுதி, பிறகு மாற்றிக்கொண்டு படியுங்கள். "அவருக்குப் பிடித்தால் எனக்கும் சரி" என்று கிளம்பி வருபவர்தான் இரண்டாம் மாதம் அழுகிறார்.

கால அளவு 6 மாதத்திலிருந்து 23 மாதம் வரை இருக்கலாம். வெளிநாட்டு உறுப்பினர் துணைப்பணிக்கு 18 மாதத்துக்குக் குறைவாகப் போகாதீர்கள் என்பது என் கருத்து. பெயரும் முகமும் பழகுவதற்கே முதல் மூன்று மாதம் போய்விடும். கடைசி இரண்டு மாதம் ஒப்படைப்பில் போகும். மிச்சம் இருப்பதுதான் வேலை செய்யும் காலம்.

2. முதலில் உடம்பு, பிறகு பணம், கடைசியில் வீடு

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. மருத்துவ அறிக்கையில் ஏதாவது இடித்தால் நாடே மாறிவிடும். நாடு மாறினால் செலவும் மாறும். வீட்டை முதலில் வாடகைக்கு விட்டுவிட்டு மருத்துவரிடம் போனவர்கள், பிள்ளைகள் வீட்டு முன்னறையில் மாதக்கணக்காகக் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பல்லை விட்டுவிடாதீர்கள். அசட்டை செய்த ஒரு பல், தீவிலிருந்து தலைநகருக்கு விமானம் ஏற வைத்துவிடும். தினசரி மாத்திரைகளின் பெயரை வணிகப் பெயராக எழுதாமல் மூலப்பொருள் பெயரோடு மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அங்கே அதே மருந்து வேறு பெயரில் இருக்கும்.

மூத்த தம்பதியர் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, காப்பீடு எல்லாவற்றுக்கும் மாதக் கணக்குப் போட்டு, அதற்கு மேல் அவசர விமானச் சீட்டுக்கான தொகையைத் தனியாக ஒதுக்குங்கள். உள்நாட்டு மருத்துவக் காப்பீடு எல்லை தாண்டினால் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவின் மெடிகேர் போன்றவை வெளிநாட்டில் பொதுவாகச் செல்லாது.

பலர் மறப்பது ஓடிபி. வங்கி அனுப்பும் எண் உங்கள் பழைய சிம்முக்குத்தான் போகும். ரோமிங் இல்லாமல் போய் இறங்கினால் சொந்தப் பணத்தையே எடுக்க முடியாது. கிளம்பும் முன் ஒரு வாரம் ரோமிங்கில் போட்டுச் சோதித்துப் பாருங்கள். இந்தியாவில் ஓய்வூதியம் வாங்குபவர்கள் நவம்பரில் கொடுக்க வேண்டிய ஆயுள் சான்றிதழை வெளிநாட்டிலிருந்து எப்படிக் கொடுப்பது என்று வங்கியிடம் முன்பே பேசி வையுங்கள்.

அப்புறம் வீடு. நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். உயிலைப் புதுப்பியுங்கள். இதைப் பேசினால் அபசகுனம் என்று தள்ளிப்போடுபவர்கள் உண்டு. பேசாமல் போனால் பிள்ளைகள்தான் அலைவார்கள்.

3. விண்ணப்பம்

இது நீங்கள் நினைப்பதை விட எளிது. உள்ளூர்ச் சபைக்குப் பொறுப்பான ஆயரிடமோ, சிறிய சபை என்றால் அதன் கிளைத் தலைவரிடமோ சொன்னால் இணையத்தில் படிவம் திறந்து தருவார். மருத்துவ, பல் மருத்துவப் படிவங்கள் முடிந்ததும் அவர் நேர்காணல் செய்வார். அடுத்தது, பல உள்ளூர்ச் சபைகளை மேற்பார்க்கும் பிணையத் தலைவர். பிறகு அழைப்பு வரும். விருப்பத்தைக் குறிப்பிட இடம் உண்டு. ஆனால் எங்கே என்பது உங்கள் கையில் இல்லை.

பொதுவான தவறு, படிவத்தில் அடக்கம் காட்டுவது. கணக்கு எழுதத் தெரியும், லாரி ஓட்டியிருக்கிறேன், தையல் வகுப்பு எடுத்திருக்கிறேன் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். படிக்கிறவருக்கு உங்களைத் தெரியாது.

4. விசாவுக்குக் காத்திருக்கும் காலம்

விசாவுக்கு மாதங்கள் ஆகலாம். காவல்துறைச் சான்றிதழ் பெரும்பாலும் கேட்பார்கள். நீங்கள் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டியிருக்கும் என்பதால் அதை முதலில் தொடங்குங்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இந்த நேரத்தில் மூன்று விஷயங்கள் படியுங்கள். சபையின் பொதுக் கையேட்டில் நிதி, உறுப்பினர் பதிவேடு, உபவாசக் காணிக்கை (உபவாசம் இருந்து மிச்சமாகும் பணத்தை உதவிக்குக் கொடுப்பது) பற்றிய பகுதிகள் ஒன்று. கிளையின் கணக்கும் பதிவேடும் பார்க்கும் எழுத்தர்கள் பயன்படுத்தும் கணினி அமைப்பு அடுத்தது. மூன்றாவது, அந்த ஊர் மொழியில் வணக்கம், நன்றி, மன்னிப்பு. ஃபிஜியில் 'புலா', 'வினாகா', 'துலோ' மூன்றும் தெரிந்தாலே கதவு திறக்கும்.

பெட்டியில் துணியைக் குறையுங்கள். தலைநகர் சுவாவில் வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. தோல் செருப்பும் கோட்டும் அலமாரியிலேயே பூஞ்சை பிடித்துவிடும். பருத்தித் துணி, கழுவிப் போடக்கூடிய செருப்பு போதும். அங்கே மின்சாரம் 240 வோல்ட், கிட்டத்தட்ட நம் ஊரைப் போலத்தான், ஆனால் பிளக் ஆஸ்திரேலிய மாதிரி, சாய்வான தட்டைக் கம்பிகள். மலேரியா கிடையாது, டெங்கு உண்டு. கொசுவலையை வீட்டிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

5. முதல் மூன்று மாதம்: பெயர்களைக் கற்றுக்கொள்வதே வேலை

வந்து இறங்கிய இரண்டாவது ஞாயிறே கிளைத் தலைவரிடம் பட்டியல் கொடுக்கிறவர்கள் உண்டு. "எங்கள் ஊரில் நாங்கள் எப்படிச் செய்வோம் என்றால்..." என்று வாக்கியம் தொடங்கும். அந்த வாக்கியத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். கிளைத் தலைவர் சம்பளம் வாங்குபவர் அல்ல. வாரம் முழுக்கக் கரும்புத் தோட்டத்திலோ பேருந்து ஓட்டியோ உழைத்துவிட்டு ஞாயிறன்று வெள்ளைச் சட்டையும் டையும், கீழே வேட்டி போன்ற சுலுவும் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறவர். உங்கள் பட்டியல் அவருக்கு இன்னொரு சுமை.

முதல் நேர்காணலில் அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்தக் குடும்பங்களைப் பார்த்துவர வேண்டும்?" அவர் சொல்கிற வரிசையில் போங்கள். போகும்போது உள்ளூர் உறுப்பினர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். வழி தெரியும் என்பது ஒரு காரணம். நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த வீட்டுக்குப் போகப் போகிறவர் அவர்தான் என்பது பெரிய காரணம்.

ஒரு குறிப்பேட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், பிள்ளைகள், யாருக்கு என்ன பொறுப்பு, எந்தப் பேருந்து. ஃபிஜியில் ஒரே கிளையில் இதௌகேய் எனும் பூர்வகுடி மக்கள், இந்திய வம்சாவளியினர், ரொட்டுமாத் தீவினர் என்று கலந்திருப்பார்கள். ஆங்கிலம் பொதுமொழி. வீட்டுக்குள் ஃபிஜியனோ ஃபிஜி இந்தியோ ஓடும். நம்மவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை: கவுண்டர், பிள்ளை, நாயக்கர் என்று பெயர் கேட்டதும் தமிழில் ஆரம்பித்துவிடாதீர்கள். கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தமிழ் வராது. அது தங்கள் குறை என்று சங்கடப்படுவார்கள்.

6. கிளைப் பணி: மவுஸ் எழுத்தர் கையிலேயே இருக்கட்டும்

முழு வழிகாட்டியிலும் இதுதான் முக்கியமான பகுதி.

துணைப்பணி என்பதன் நோக்கம், உள்ளூர் ஆட்கள் அந்த வேலையைத் தாங்களே செய்யும் நிலைக்கு வருவது. நீங்கள் செய்தால் பத்து நிமிடம், அவர் செய்தால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நீங்கள் கொடுக்க வந்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற மேலாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இது கஷ்டமான பாடம். கை தானாக நீளும்.

காணிக்கை எண்ணுவதை எடுத்துக்கொள்ளுங்கள். திருவிருந்துக் கூட்டமும் வகுப்பும் முடிந்ததும் இரண்டு பேர் சேர்ந்துதான் உறைகளைத் திறக்க வேண்டும். ஒருவர் தனியாக ஒரு உறையைக்கூடத் திறக்கக் கூடாது. சீட்டில் எழுதிய தொகையும் உள்ளே இருக்கும் பணமும் ஒத்துப்போகிறதா என்று இருவரும் பார்க்க வேண்டும். சீட்டில் 12 டாலர், உள்ளே 10 டாலர். இந்த இடத்தில் புது எழுத்தர் பேனாவை எடுத்து 12-ஐ 10 ஆக்கப் போவார், அல்லது தன் சட்டைப்பையிலிருந்து இரண்டு டாலர் போடப் போவார். இரண்டும் தவறு. கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் திருத்த வேண்டும். அவர் இன்னும் வாசலில் பேசிக்கொண்டுதான் இருப்பார்.

நீங்கள் உட்கார வேண்டிய இடம் எழுத்தருக்குப் பக்கவாட்டில், ஓர் அடி பின்னால். திரை தெரிய வேண்டும், விசைப்பலகை எட்டக் கூடாது. முதல் வாரம் நீங்கள் சொல்லச் சொல்ல அவர் செய்யட்டும். அடுத்த வாரங்களில் அவர் சொல்லிக்கொண்டே செய்யட்டும், நீங்கள் கேளுங்கள். பிறகு அவர் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அந்த மூன்றாவது படிக்கு வராமல் நிறுத்திவிட்டால், எழுத்தர் வேலை தேடி நியூசிலாந்து போனதும் கிளை மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஃபிஜியில் இது அடிக்கடி நடக்கிறது.

உறுப்பினர் பதிவேடும் அப்படித்தான். இருநூறு பெயர் இருக்கும், ஞாயிறன்று நாற்பது பேர் வருவார்கள். மிச்சப் பேரைத் தேடுகிற வேலையை நீங்களே எடுத்துக்கொண்டு காரில் கிளம்பாதீர்கள். கிளைக் கூட்டத்தில் பெயர்களைப் படிக்கச் சொல்லுங்கள். "இவர் என் சித்தப்பா, லம்பாசாவில் இருக்கிறார்" என்று யாராவது சொல்வார்கள். பாதிப் பேர் அந்த அறையிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிடுவார்கள்.

பியானோ வாசிக்கத் தெரிந்த சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வாசிக்க ஆரம்பித்தால் கடைசி ஞாயிறு வரை நீங்கள்தான். பதின்மவயதுப் பெண் ஒருத்தியை ஒரே ஒரு பாட்டுக்குத் தயார் செய்து உட்கார வையுங்கள். தப்பும் தவறுமாக வாசிப்பாள், சபையார் அவளோடு சேர்ந்து மெதுவாகப் பாடுவார்கள். ஃபிஜியர்களுக்குப் பாட்டுக்குப் பியானோவே தேவையில்லை என்பது வேறு விஷயம்.

7. பணம் கேட்டால்

இதற்குக் கிளம்பும் முன்பே பதில் தயாராக இருக்க வேண்டும். ஏனென்றால் கேட்பது நிச்சயம்.

ஃபிஜியில் 'கெரெகெரே' என்று ஒரு வழக்கம். உறவுக்குள் ஒருவர் தனக்குத் தேவையானதைக் கேட்கலாம். கேட்டால் இல்லையென்று சொல்வது மரியாதை இல்லை. இன்று நான் கேட்பேன், நாளை நீ கேட்பாய். ஒரு கிராமம் புயலிலிருந்து எழுந்து நிற்பது இதனால்தான். அதனால் ஒருவர் பள்ளிக் கட்டணம் கேட்டு வந்து நின்றால் அதை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் உங்களை உறவாக நினைத்துவிட்டார் என்று அர்த்தம்.

ஆனாலும் கொடுக்காதீர்கள். காரணம் கஞ்சத்தனம் அல்ல. உறுப்பினர்களுக்கு உதவ உபவாசக் காணிக்கை இருக்கிறது. மாதம் ஒரு முறை இரண்டு வேளைச் சாப்பாட்டைத் துறந்து அந்தப் பணத்தைக் கொடுப்பதும் அதே உறுப்பினர்கள்தான். அதைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு கிளைத் தலைவருடையது. யார் வீட்டில் உண்மையில் அரிசி இல்லை என்பது அவருக்குத் தெரியும். நீங்கள் ஒரு ஐம்பது டாலர் நோட்டை நீட்டினால் மூன்று விஷயம் நடக்கும்: அவர் பேச்சுக்கு மதிப்பு போகும், அடுத்த வாரம் வாசலில் நாலு பேர் நிற்பார்கள், கேட்கக் கூச்சப்பட்ட விதவை வராமலே இருந்துவிடுவார்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "வாருங்கள், தலைவரிடம் சேர்ந்து போய்ப் பேசுவோம்." சேர்ந்து போவது முக்கியம். வெறும் "அவரைப் பாருங்கள்" என்பது கதவைச் சாத்துவது போல ஒலிக்கும். தலைவரும் முடிந்தவரை ரொக்கமாகக் கொடுக்காமல் கடைக்கோ வாடகை வீட்டின் உரிமையாளருக்கோ நேராகச் செலுத்துவார்.

இன்னொன்று. யார் வீட்டிலாவது பாயையோ பின்னிய கூடையையோ பார்த்து "ரொம்ப அழகாக இருக்கிறதே" என்று பலமுறை சொல்லாதீர்கள். கிளம்பும்போது அது உங்கள் காரில் இருக்கும். வேண்டாம் என்றால் மனம் நோகும்.

8. கிராமத்துக்குள் போகும்போது

முன்பே சொல்லி அனுப்பாமல் போகாதீர்கள். தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கிராம எல்லையிலேயே கழற்றிவிடுங்கள். வீட்டுக்குள் செருப்பு கூடாது. குழந்தையின் தலையைத் தடவிக் கொஞ்சுவது நம் பழக்கம். அங்கே தலையைத் தொடுவது மரியாதைக் குறைவு. உட்கார்ந்திருப்பவர்கள் நடுவே போக வேண்டியிருந்தால் குனிந்து, 'துலோ' என்று சொல்லிக்கொண்டே போங்கள்.

விருந்தினர், கவா பானம் தயாரிக்கும் யங்கோனா வேரைக் கொண்டுபோய்க் கிராமத் தலைவர் முன் வைக்கும் 'செவுசெவு' சடங்கு உண்டு. நம் சபையைச் சேர்ந்த ஊழியக்காரர் இதில் எதுவரை கலந்துகொள்ளலாம் என்பதைக் கிராமத்து வாசலில் நின்று யோசிக்க முடியாது. முதல் வாரமே, அந்தப் பகுதி ஊழியக்காரர்களுக்குப் பொறுப்பான ஊழியத் தலைவரிடம் கேட்டுத் தெளிவாகிவிடுங்கள். பேசுவதற்கு உள்ளூர் உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

சாப்பாடு வைத்தால் சாப்பிடுங்கள். மரவள்ளி, சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பாலில் வெந்த கீரை எல்லாம் நமக்குப் பழகியவைதான். முதலில் உங்களுக்குத்தான் பரிமாறுவார்கள், பிள்ளைகள் பிறகு சாப்பிடுவார்கள். பாத்திரத்தில் மிச்சம் இருக்கும்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். சாலையில் விளக்கு இருக்காது. மாடும் குதிரையும் மனிதரும் ஒரே நிறத்தில் தெரிவார்கள்.

9. இளம் ஊழியக்காரர்கள்

காலை 6:30 மணிக்கு எழும் அட்டவணை அவர்களுக்கு, உங்களுக்கு இல்லை. அவர்களை மேய்ப்பதும் உங்கள் வேலை இல்லை. ஆனால் அவர்களின் குடியிருப்பைச் சோதிக்கும் பொறுப்பு பெரும்பாலும் மூத்த தம்பதியர் தலையில் விழும். அதை ஒழுங்காகச் செய்யுங்கள். படுக்கையைத் தூக்கி அடியில் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். கேஸ் குழாயைத் தொட்டுப் பாருங்கள். கதவுத் தாழ்ப்பாள், புகை எச்சரிக்கைக் கருவி, கொசுவலைக் கிழிசல். குளிர்பெட்டியைத் திறந்தால் பையன்கள் என்ன சாப்பிட்டு உயிர் வாழ்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். அதற்கு முன் எல்லா வீட்டிலும் குடிநீர், டார்ச், டின் உணவு, நெகிழி உறையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பாருங்கள்.

பத்தொன்பது வயதுப் பையன் உங்கள் வீட்டுச் சோற்றைப் பார்த்துக் கண் கலங்கினால் இன்னொரு கரண்டி போடுங்கள். புத்திமதி வேண்டாம். உடல்நலமோ மனநலமோ கவலைக்கிடமாகத் தெரிந்தால் ரகசியம் காக்கிறேன் என்று வாக்குக் கொடுக்காமல் ஊழியத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள்.

10. இருவருக்குள்

நாற்பது வருடம் ஆளுக்கொரு அலுவலகம் போய் வந்தவர்கள் திடீரென்று ஒரே கார், ஒரே அறை, ஒரே வேலை என்றால் உரசும். வாரத்தில் ஒரு நாளை இருவருக்குமாக எடுத்துக்கொள்ளுங்கள். வேலையையும் பிரியுங்கள்: கணவர் எழுத்தரோடு, மனைவி பெண்களின் ஒத்தாசைச் சங்கத்தோடும் குழந்தைகளின் ஆரம்ப வகுப்போடும். ஒருவர் மற்றவரின் நிழலாகவே போனால் பெண்கள் பக்கம் யாருமே போகாமல் போய்விடுகிறது.

பேரப்பிள்ளைகளோடு பேசத் தடையில்லை. ஃபிஜி நேரம் இந்தியாவை விட ஆறரை மணி நேரம் முன்னால் என்பதால், அங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்தில் இங்கே மதியம். நேரத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சாவோ பெரிய நோயோ வந்தால் சொந்தச் செலவில் போய்வர அனுமதி கேட்கலாம். யாருக்காக, எந்த நிலையில் கிளம்புவோம் என்பதை இருவரும் முன்பே பேசிக்கொள்வது நல்லது. அந்த நேரத்தில் பேச மனம் வராது.

11. ஒப்படைப்பு

கடைசி இரண்டு மாதம் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். உங்கள் கையில் மிஞ்சியிருக்கும் வேலைகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் உள்ளூர்ப் பெயர் எழுதுங்கள். பெயர் கிடைக்காத வேலை இருந்தால் அதைக் கிளைத் தலைவரிடம் காட்டுங்கள். அது தேவையா என்று அவர் முடிவு செய்யட்டும். சில வேலைகள் நீங்கள் இருந்ததால் மட்டும் நடந்துகொண்டிருந்திருக்கும்.

அந்த வீட்டுக் குறிப்பேட்டை அடுத்த தம்பதியரிடம் அப்படியே கொடுக்காதீர்கள். நம்பி உங்களிடம் சொன்ன குடும்ப விஷயங்கள் அதில் இருக்கும். பெயர், வழி, பேருந்து மட்டும் புதிதாக எழுதிக் கொடுங்கள். பாத்திரம், கொசுவலை, மின்விசிறி எல்லாம் வீட்டோடு இருக்கட்டும். யாருக்கும் தனியாகப் பரிசாகக் கொடுத்தால் கொடுக்காத வீட்டில் பேச்சு வரும்.

கடைசி இரண்டு ஞாயிறுகள் கூட்டம் முடிந்து எண்ணும் அறைக்குள் போகாமல் வெளியே இருங்கள். ஏதாவது சிக்கினால் அவர்களே வந்து கேட்பார்கள்.

ஊர் திரும்பியதும் பிணையத் தலைவரைப் பார்த்து, முறைப்படி விடுவிப்புப் பெறுங்கள். ஃபிஜி எழுத்தர் வாட்ஸ்அப்பில் "இந்தப் பதிவை எப்படி மாற்றுவது?" என்று கேட்பார். நலம் விசாரியுங்கள், பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். கேள்வியை மட்டும், அவர் பயிற்சி கொடுத்த ஆளிடமோ இப்போது அங்கே இருக்கும் தம்பதியரிடமோ அனுப்பிவிடுங்கள்.